வயிற்றுக்குள் ஒரு விசிறி

வயிற்றுவலி என்றதும் நம் இல்லங்களில் முதலில் பிறக்கும் தீர்ப்பு "வாயு" என்பதே. சுக்குக் கஷாயமும் உடனே வந்துவிடும். ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் இரவு ஷிப்டு பார்க்கும் பிள்ளைகளைப் பெற்றவர்களோ, "வேளைக்குச் சாப்பிடாததன் பலன்" என்று முடித்துவிடுகிறார்கள். பல சமயம் அது உண்மையே. ஆயினும் வலி நீடித்து ஸ்கேன் எடுத்தால், எப்போதேனும் "மெஸென்டெரிக் பானிகுலைடிஸ்" என்ற நெடும் பெயர் அறிக்கையில் தோன்றி வீட்டையே கலக்கிவிடுகிறது.

சிறுகுடலை வயிற்றின் பின்சுவருடன் பிணைத்து, அதற்குரிய ரத்தக் குழாய்களையும் தாங்கி நிற்பது விசிறி போன்ற ஒரு மடிப்பு. அம்மடிப்பிலுள்ள கொழுப்பு அழற்சியுற்றுத் தடிப்பதே இவ்வியாதி. 1924-ல் ஜூரா என்னும் இத்தாலிய வைத்தியர் இதை விவரித்தார். 1971-ல் மனிதருக்கு முதன்முதலாக எடுக்கப்பட்ட ஸி.டி. ஸ்கேன், பின்னர் எங்கும் பரவிற்று. அதன் பிறகு, வேறு காரணத்துக்காக எடுக்கும் படங்களில் இவ்வியாதி தற்செயலாக அகப்படலாயிற்று.

நேயர்கள் அஞ்ச வேண்டுவதில்லை. அநேகருக்கு இதனால் உபத்திரவமே இராது. மருந்தின்றிக் கவனித்து வந்தாலே போதும். உபத்திரவம் மிகுந்தோருக்கு ஸ்டீராய்டு முதலிய மருந்துகள் உண்டு. குடலடைப்பு போன்ற நெருக்கடியில்தான் ரண சிகிச்சை.

ஆனால் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். இது பெரும்பாலும் ஐம்பதைக் கடந்தவர்களிடம் காணும் வியாதி. தொழிற்சாலை வாசல்களில் நாம் காண்பவர்களோ பெரும்பாலும் இளைஞர்கள். நம் நாட்டில் மலிந்துள்ள க்ஷயரோகம் நுரையீரலோடு நிற்பதில்லை. குடலையும் இம்மடிப்பையும் பற்றக்கூடியது. நிணநீர்க் கட்டிகளில் தோன்றும் புற்றுநோயும் ஸ்கேனில் சில சமயம் இதே சாயலில் தெரியும். மாலைக் காய்ச்சலும் எடைக் குறைவும் சேர்ந்திருந்தால் அவற்றையே முதலில் ஆராய வேண்டும். க்ஷயம் இருப்பதை அறியாமல் ஸ்டீராய்டு மட்டும் கொடுப்பது எரியும் தீயில் எண்ணெய் வார்ப்பதாகும். அவசியமானால் சிறு துண்டுச் சதை எடுத்துச் சோதிப்பதற்கும் தயங்கலாகாது.

சம்பளம் போய்விடுமென்று வலியை மறைக்கும் பிள்ளைகள் பலர். 1948-ம் வருஷச் சட்டத்தால் பிறந்த ஈ.எஸ்.ஐ. திட்டம், அதில் பதிவான தொழிலாளிக்குச் சிகிச்சையும், தகுதி பெற்றோருக்கு வருஷத்தில் 91 நாள் வரை ஊதியத்தில் 70 சதவிகிதமும் அளிக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளருக்கும் இதில் இடமுண்டு. பிள்ளை அடுத்த முறை வீட்டுக்கு வரும்போது, பெற்றோர் அவன் ஈ.எஸ்.ஐ. அட்டையையும் எடையையும் விசாரிக்கட்டும்.