ரேகை தேய்ந்தால் உரிமையும் தேயுமா?

கேள்வி: என் மாமியாருக்கு 67 வயது. அவர் பெயரில் ஒன்றரை ஏக்கர் பட்டா நிலம் இருக்கிறது. பி.எம். கிசான் பணம் மூன்று தவணையாக வரவில்லை. வங்கியில் கேட்டால், 'உங்க கேஒய்சி சரியாத்தான் இருக்கு' என்கிறார்கள். பொது சேவை மையத்தில் கைரேகை விழவில்லை. ஓடிபி, தொலைந்துபோன பழைய சிம் எண்ணுக்குப் போகிறது. உதவி எண்ணில் பேசினால் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்பதோடு சரி. இன்னும் எத்தனை நாள் அலைவது?
- ஒரு வாசகி, கணியம்பாடி

பதில்: உங்கள் மாமியாரின் விரலில் குறையில்லை அம்மா. களை பறித்து, மல்லாட்டை பிடுங்கி, புளி தட்டிய கையில் ரேகை எப்படி மிஞ்சும்? நிலத்தில் உழைக்காதவர் கை பளிச்சென்று பதிகிறது. உழைத்தவர் கையை இயந்திரம் 'ஆள் இவரில்லை' என்கிறது. இந்தக் கொடுமையை நான் பல முகாம்களில் பார்த்திருக்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். கேஒய்சி என்று இரண்டு இருக்கிறது. வங்கிக் கணக்குக்கு வங்கி கேட்பது ஒன்று. பி.எம். கிசான் திட்டத்துக்கென்று தனியாகச் செய்யவேண்டிய இ-கேஒய்சி இன்னொன்று. வங்கியில் முடித்தால் இது முடிந்ததாகாது. இதை யாரும் எடுத்துச் சொல்லாததால்தான் பாதி அலைச்சல்.

பி.எம். கிசான் இணையதளத்தில் பயனாளி நிலையைப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் மூன்று விஷயம் தெரியும்: நில விவரம் சேர்ந்ததா, இ-கேஒய்சி முடிந்ததா, ஆதாரோடு வங்கிக் கணக்கு இணைந்ததா. எது 'இல்லை' என்று வருகிறதோ, அதற்கு மட்டும் அலைந்தால் போதும். நிலம் என்றால் எங்கள் வேளாண்மை அலுவலகம். கணக்கு இணைப்பு என்றால் வங்கி. ஒன்றைக் கவனியுங்கள்: ஆதாரோடு கடைசியாக இணைத்த கணக்குக்குத்தான் பணம் போகும். மறந்துபோன வேறு கணக்கில் பணம் விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

இ-கேஒய்சிதான் பாக்கி என்றால் வழி மூன்று. ஓடிபி ஒன்று, கைரேகை ஒன்று. மூன்றாவது, முகத்தைக் காட்டிச் செய்வது. 2023 ஜூனில் பி.எம். கிசான் செயலியில் இந்த வசதி வந்தது. ஓடிபியும் வேண்டாம், ரேகையும் வேண்டாம். நல்ல வெளிச்சத்தில் உட்காரவைத்து, கண்ணைச் சிமிட்டச் சொன்னால் முடிந்தது. எங்கள் துறை ஊழியர்களும் செய்து தருவார்கள். கணியம்பாடி வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்கு ஆதார், பட்டா நகலோடு அழைத்து வாருங்கள்.

கைரேகையே வைக்க நேர்ந்தால், இரண்டு மூன்று நாள் இரவில் கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். காலையில் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுப் போங்கள். கட்டைவிரல் விழாவிட்டால் மற்ற ஒன்பதையும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கையோடு ஆதார் மையத்தில் ரேகை, கருவிழிப் பதிவையும் செல்பேசி எண்ணையும் புதுப்பித்துவிடுங்கள். எண்ணை மட்டும் மாற்றுவதென்றால் தபால்காரர் மூலமும் முடியும்.

வங்கி சரியாகப் பதில் சொல்லாவிட்டால் வாய்ப்பேச்சோடு விடாதீர்கள். எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக ஒப்புதல் வாங்குங்கள். 30 நாளில் தீர்வு இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குக் கட்டணமில்லாமல் புகார் அனுப்பலாம். விவரம் கேட்க 14448. பி.எம். கிசானுக்கு 155261. நின்றுபோன தவணைகளைப் பற்றியும் எழுத்திலேயே கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. அலைந்து சலித்தவர்களைத்தான் திருடன் தேடுகிறான். 'கேஒய்சி நான் முடித்துத் தருகிறேன், ஓடிபி சொல்லுங்க' என்று யார் போனில் கேட்டாலும் சொல்லாதீர்கள். வாட்ஸ்அப்பில் வரும் கிசான் செயலியைத் தொடாதீர்கள். ஏமாந்துவிட்டால் உடனே 1930-க்குப் பேசுங்கள். இப்படிப்பட்ட திருட்டு இருப்பதால் சோதனை வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன்.

என் பக்கத்துக் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன், அமிர்திப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பாட்டியை, ரேகை விழவில்லை என்று மூன்று முறை திருப்பி அனுப்பினேன். நான்காவது முறை அவர் கையை என் மேசைமேல் விரித்து வைத்து, 'இந்தக் கை உனக்கு அடையாளம் இல்லியா சாமி?' என்றார். பஸ் காசு அவருக்கு ஒரு நாள் கூலி. அன்றுமுதல் யாரையும் 'நாளைக்கு வாங்க' என்று வெறுமனே அனுப்புவதில்லை. எங்கே போகவேண்டும், யாரைப் பார்க்கவேண்டும், என்ன தாள் வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்கிறேன்.

நீங்களும் எந்த அலுவலகத்திலும் அந்தச் சீட்டைக் கேளுங்கள். வருடத்துக்கு 6,000 ரூபாய் தருமம் இல்லை, உங்கள் மாமியாருக்கு உரியது.