துவக்கு காணிக்காரருக்கு, காவல் குத்தகைக்காரருக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. குத்தகைக்கு வயல் செய்கிறவர்கள் முழுக்க வாசியுங்கள். வயலைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு டவுனில் இருக்கிறவர்கள் கட்டாயம் வாசியுங்கள்.

வேளாண்மை பால் பிடிக்கத் தொடங்கினால் நம்மட மாவட்டத்தில் வருடா வருடம் ஒரே கதைதான். மூதூர், தோப்பூர், கிண்ணியா, தம்பலகாமம், கந்தளாய், சேருவில, எந்தப் பக்கம் கேட்டாலும் பன்றி இறங்கிவிட்டது, யானை வந்துவிட்டது. உடனே முகநூலில் இரண்டு கட்சி கிளம்பும். ஒரு கட்சி, "விவசாயிக்குச் சுட அனுமதி கொடு" என்று கத்தும். அடுத்த கட்சி கொழும்பில் இருந்துகொண்டு, "காட்டை அழித்ததே இந்த விவசாயிகள்தான்" என்று பாடம் நடத்தும். அந்த வயல் யாருடையது, இரவில் அதில் கிடப்பது யார் என்று இரண்டு பேரும் கேட்பதில்லை.

நான் கேட்கிறேன். ஏனென்றால் பெரும்போகக் காலத்தில் முதலாம் பாடத்திலேயே மேசையில் தலை வைத்துத் தூங்குகிற பிள்ளைகளை நான் பார்க்கிறேன். வாப்பாவோடு இரவு முழுக்க வயல் வாடியில் தகரம் தட்டிவிட்டு வந்த பிள்ளையை எழுப்பிப் பின்னம் படிப்பிப்பது எப்படி என்று எந்தப் பயிற்சிக் கலாசாலையிலும் சொல்லித் தரவில்லை. அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களின் வாப்பாவுக்குச் சொந்தக் காணி இல்லை. ஒரு போகத்துக்கோ இரண்டு போகத்துக்கோ வாய்ப்பேச்சில் எடுத்த குத்தகைக் காணிதான்.

இப்போது சட்டத்தைப் பாருங்கள். பயிர்ப் பாதுகாப்புக்கென்று துவக்கு அனுமதிப்பத்திரம் இந்த நாட்டில் உண்டு. 1916ஆம் ஆண்டின் துவக்குச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். விண்ணப்பித்தால் காணி ஆவணம் கேட்பார்கள், கிராம சேவகரின் அறிக்கை கேட்பார்கள், பொலிஸ் அறிக்கை கேட்பார்கள். காணி ஆவணம் யாரிடம் இருக்கிறது? சொந்தக்காரரிடம். அவர் எங்கே இருக்கிறார்? டவுனில், கொழும்பில், கட்டாரில். பன்றி வருவது அவருடைய வீட்டு முற்றத்துக்கு அல்ல.

அதிலும் நம்மட ஆட்கள் துவக்குக்கு விண்ணப்பம் போடுவதென்றால் இரண்டு தரம் யோசிப்பார்கள். யுத்த காலத்தில் அதை நினைத்துப் பார்க்கவும் முடியாது. 2019 ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிறகு வீட்டில் கிடந்த கத்திக்கே பலர் விளக்கம் சொல்ல வேண்டி வந்தது. அந்தப் பயம் இன்னும் போகவில்லை. பயந்தவன் கச்சேரிக்குப் போகமாட்டான், கம்பிக் கடைக்குத்தான் போவான்.

கட்டுத்துவக்கும், வீட்டு லைனில் இருந்து இழுத்த கரண்ட் கம்பியும், சுருக்கும், ஹக்கபட்டாசும் வருவது இந்த இடத்தில்தான். எல்லாமே சட்டவிரோதம் என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்துதான் வைக்கிறார்கள், இரவு தூங்க வேண்டுமே! பன்றியின் உயரத்துக்குக் கட்டிய துவக்கு, ஆள் மிதித்தால் முழங்காலையும் தொடையையும் பிளக்கும். விறகுக்குப் போனவர், மாடு தேடிப் போனவர், சில நேரம் கட்டியவரே அதில் விழுகிறார். பன்றிக்கென்று பூசணிக்காய்க்குள் ஒளித்து வைத்த வெடியை யானைக் குட்டி கடித்தால் தாடை சிதறி, தின்ன முடியாமல், நாட்கணக்காகப் பட்டினி கிடந்து சாகிறது. சுருக்குக்கு மானும் ஒன்றுதான், சிறுத்தையும் ஒன்றுதான். 2020 மே மாதம் நல்லதண்ணியில் மாட்டிக்கொண்ட அந்தக் கருஞ்சிறுத்தையை நாடே பார்த்தது. 2019 முதல் 2024 வரை ஒவ்வொரு வருடமும் இந்த நாட்டில் 300க்கு மேற்பட்ட யானைகள் செத்திருக்கின்றன. யானையால் மௌத்தான மனிதர்கள் வருடத்துக்கு 100க்கு மேல்.

"அப்போ விவசாயி பாவமா, யானை பாவமா?" என்று பின்னூட்டம் போட ஓடி வராதீர்கள். குத்தகைக்காரனும் பாவம், யானையும் பாவம். பாவமே இல்லாத ஆட்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். முதலாவது ஆள் நம்மட சாப்பாட்டு மேசையில் இருக்கிறார்.

மானும் மரையும் பாதுகாக்கப்பட்ட விலங்குகள். ஆனால் நம்மட ஊர்களில் "காட்டு இறைச்சி" என்று ஒரு மரியாதையான பெயர் வைத்திருக்கிறோம். வெளியூரில் இருந்து பெரிய ஆள் வந்தால், அதிகாரி வந்தால், அரசியல்வாதி வந்தால் அதை ஆக்கிப் போடுவது ஒரு கௌரவம். காசு கொடுத்து வாங்குகிறவர் பசியில் வாங்குவதில்லை. அவர் வாங்குவதால்தான் பயிரைக் காக்கப் போட்ட சுருக்கு, இறைச்சிக்குப் போடும் சுருக்காக மாறுகிறது. வயலோரத்தில் பத்துக் கம்பி இருந்த இடத்தில் காட்டுக்குள்ளே நூறு கம்பி போகிறது. பன்றியை நாம் தின்பதில்லை, அதனால் நமக்கு இதில் சம்பந்தமில்லை என்று சொல்லித் தப்ப முடியாது. பன்றிக்கு வைத்த கம்பியில் மான் விழுந்தால் அது யாருடைய சட்டியில் வேகிறது என்று ஊருக்குத் தெரியும்.

மார்க்கம் தெரிந்தவர்களுக்கு ஒரு கேள்வி. வேட்டை ஹலால், அதில் பேச்சில்லை. ஆனால் அதே மாயிதா அத்தியாயத்தின் 3ஆவது வசனம், கழுத்து நெரிபட்டுச் செத்ததையும் அடிபட்டுச் செத்ததையும் விலக்கி வைத்திருக்கிறது. இரவு பத்து மணிக்குச் சுருக்கில் விழுந்து, சுபஹுக்குப் போய்ப் பார்த்தபோது விறைத்துக் கிடந்த மான் எந்தக் கணக்கில் சேரும்? "உயிர் இருக்கும்போதே அறுத்தோம்" என்று விற்கிறவர் எல்லாரும் சொல்வார். விற்கிறவர் வேறு என்ன சொல்லுவார்! கோழிக்கு ஹலால் முத்திரை தேடிப் பார்க்கிற நாம், மான் இறைச்சியில் மட்டும் ஏன் இவ்வளவு நம்பிக்கைக்காரர் ஆகிவிடுகிறோம்?

இரண்டாவது ஆள் அரசியல்வாதி. 2023 ஏப்ரலில் அப்போதைய விவசாய அமைச்சர் மஹிந்த அமரவீர ஒரு இலட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பப் போவதாகச் சொன்னார். ஊர் சிரித்தது, உலகம் எழுதியது, வழக்குப் போனது, கடைசியில் ஏற்றுமதி இல்லை என்று ஆனது. 2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணிக்கு நாடு முழுக்க ஐந்து நிமிடம் நின்று குரங்கும் மயிலும் எண்ணச் சொன்னார்கள். எண்ணினோம். எண்ணுவது தவறில்லை, கணக்கு வாத்திமார் நாங்கள் அதை எதிர்க்கமாட்டோம். ஆனால் குத்தகைக்கு வேளாண்மை செய்கிறவர்கள் எத்தனை பேர் என்று எண்ண ஐந்து நிமிடம் ஒதுக்கினார்களா? மிருகத்தைப் பற்றிப் பேசுவது அரசியலுக்கு இலேசு. காணியைப் பற்றிப் பேசினால் சொந்தக்காரர் கோபிப்பார், வன இலாகா கோபிக்கும், வாக்கு உடையும்.

காணி என்றால் நம்மட மாவட்டத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1990இலும் 2006இலும் வயலை விட்டு ஓடியவர்கள் திரும்பி வந்தபோது வயலில் பற்றை வளர்ந்து காடாகிக் கிடந்தது. சில இடங்களில் வன பரிபாலனத் திணைக்களத்தின் எல்லைக்கல்லும் நின்றது. 2001ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சுற்றறிக்கை எஞ்சிய அரச காடுகளை அந்தத் திணைக்களத்துக்குக் கொடுத்தது. 2020 நவம்பரில் அதை நீக்கினார்கள். காடு போகப் போகிறது என்று சூழலியலாளர்கள் எதிர்த்தார்கள், அவர்களின் பயமும் நியாயம்தான். ஆனால் இந்த இழுபறியில் எந்தக் காணி வயல், எந்தக் காணி காடு என்று தீராமல் நிற்கும் ஊர்களில் துவக்கு அனுமதியும் இல்லை, வேலியும் இல்லை, நட்டஈடும் இல்லை. கம்பி மட்டும் இருக்கிறது.

குத்தகையை எழுத்தில் பதிவது இந்த நாட்டுக்குத் தெரியாத வித்தை அல்ல. சீனக்குடாவில் வெள்ளைக்காரன் கட்டிய 99 எண்ணெய்த் தாங்கிகளையும் 2022 ஜனவரியில் எப்படிப் பிரித்தார்கள்? 14 இந்தியக் கம்பனிக்கு, 24 நம்மட பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டு பேரும் சேர்ந்த கம்பனிக்கு. 50 வருடக் குத்தகை, பக்கம் பக்கமாக ஒப்பந்தம், யார் எதற்குப் பொறுப்பு என்று வரி வரியாக. அந்தத் துறைமுகத்தில் இருந்து பார்த்தால் தெரிகிற வயலில் இரண்டு ஏக்கர் செய்கிறவனுக்கு ஒரு பக்கத் துண்டு எழுதிக் கொடுக்க எங்களுக்குக் கை வரவில்லை.

பழைய கதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் "முஸ்லிம்கள்தான் வேட்டைக்காரர்கள்" என்று இப்போது சிலர் எழுதுகிறார்கள். வெள்ளைக்கார மேஜர் றொஜேர்ஸ் என்பவர் தனியாளாக 1,400 யானைகளைச் சுட்டதாகப் பதிவு. அவர் 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். 1848க்கு முந்திய மூன்று வருடத்துக்குள் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளைக் கொன்றதற்கு அரசாங்கமே சன்மானம் கொடுத்ததாக எமர்சன் டெனன்ட் எழுதி வைத்திருக்கிறார். மிருகம் குறைந்த பிறகு 1872இல் கட்டுப்பாடு வந்தது, 1894இல் வேட்டை மிருகப் பாதுகாப்புச் சங்கம் வந்தது, 1937இல் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. துரை சுட்டால் விளையாட்டு, கிராமத்தான் சுட்டால் திருட்டு என்ற கணக்கு அன்றைக்கே தொடங்கிவிட்டது.

அதே டெனன்ட்தான் வடக்கிலும் வடகிழக்கிலும் முஸ்லிம் ஊர்களில் வாழ்ந்த பணிக்கர்களைப் பற்றியும் எழுதுகிறார். துவக்கு இல்லாமல், தோல் கயிற்றோடு காட்டுக்குள் போய், யானையின் பின்னங்காலில் சுருக்கிட்டு உயிரோடு மரத்தில் கட்டுகிறவர்கள். யானை எங்கே தண்ணீர் குடிக்கும், எந்தக் காற்றுக்கு எந்தப் பக்கம் திரும்பும் என்று அறிந்தவர்கள். அந்த அறிவில் ஒரு துளி இருந்தாலும், யானை வரும் பாதையில் வயல் வெட்டிவிட்டு யானையைக் குற்றம் சொல்லமாட்டோம்.

செய்யக் கூடியது இருக்கிறது. வடமேல் மாகாணத்தில் கல்கமுவைப் பக்கம் விவசாயிகளே பராமரிக்கும் போகவேலி பல வருடங்களாக நடக்கிறது. விதைக்கும்போது வயலைச் சுற்றி மின்வேலி எழும்பும், அறுவடை முடிந்ததும் கழற்றிவிடுவார்கள். பிறகு யானை வந்து வைக்கோலைத் தின்றுவிட்டுப் போகும். கரண்ட் உதறும், கொல்லாது. 2020இல் பிரிதிவிராஜ் பெர்னாண்டோ தலைமையிலான குழு தயாரித்த தேசிய செயற்றிட்டமும் இந்த வழியைத்தான் முன்வைத்தது. ஆனால் வேலிக்குப் பணம் போட்டு, இரவில் அதைக் காத்து, பற்றை வெட்ட ஆள் வேண்டும். அடுத்த போகம் இந்த வயல் தன்னிடம் இருக்குமோ என்று தெரியாத குத்தகைக்காரன் எதற்காக வேலிக்குக் காசு போடுவான்?

ஆகவே டவுனில் இருக்கும் காணிக்காரக் காக்காமாரிடம் ஒரு வேண்டுகோள். குத்தகையை இரண்டு மூன்று வருடத்துக்கு எழுத்தில் கொடுங்கள். கமநல சேவை நிலையத்தின் பதிவில் செய்கிறவரின் பெயரைப் போட விடுங்கள். காணி பறிபோய்விடும் என்ற பயம் 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டக் காலத்தில் இருந்து உங்கள் வாப்பாமாருக்கும் இருந்தது, தெரியும். மானியம் யாருடைய கணக்கில் விழுகிறது, யானை மிதித்தால் காப்புறுதி யாருக்கு வருகிறது என்பதும் ஊருக்குத் தெரியும். உங்கள் வயலில் சட்டவிரோதக் கம்பியில் ஒருவர் மௌத்தானால் பொலிஸ் தேடி வருவது குத்தகைக்காரனை, ஆனால் ஜனாஸாவில் உங்கள் முகத்தையும் எல்லாரும் பார்ப்பார்கள்.

அடுத்த போகக் கூட்டத்துக்குக் குத்தகைக்காரர்களும் வாருங்கள். பின்வரிசையில் நிற்காமல் கதிரையில் இருங்கள். பிரதேச செயலாளர் கேட்கும் இடத்தில், போகவேலி குத்தகை வயல்களையும் சேர்த்து வருமா, பதிவில் எங்கள் பெயர் எப்போது வரும் என்று இரண்டே கேள்வி கேளுங்கள். மேடையில் இருக்கும் அரசியல்வாதி குரங்கைப் பற்றிப் பேசத் தொடங்கினால், திரும்பவும் அதே இரண்டு கேள்வியைக் கேளுங்கள்.