இல்லறக் கணக்கு: வேன் குடிக்கும் டீசல் எங்கே போகிறது?



அரிசி எத்தனை கிலோ, தேங்காய் எத்தனை, மின்கட்டணம் எவ்வளவு என்று விரல் நுனியில் கணக்கு வைத்திருக்கும் நம்மில் பலர், வாசலில் நிற்கும் வேனுக்கு மட்டும் கணக்கு வைப்பதில்லை. "அது ஆம்பிளையளுட வேல" என்று விட்டுவிடுகிறோம். ஆனால் பழைய வேன் வைத்திருக்கும் வீடுகளில், சமையலறைச் செலவுக்கு அடுத்தபடியாகப் பணம் ஒழுகிப் போகும் இடம் எரிபொருள் தாங்கிதான்.

நம் ஊர்களில் இன்னும் ஓடுகின்ற லைட்ஏஸ், டவுன்ஏஸ், டொல்பின், வெனட், டெலிகா வேன்களில் பெரும்பாலானவை முப்பது வயதைத் தாண்டியவை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. அந்த ஐந்து வருடங்களில் பழைய வேன்களின் விலை கூடியதே தவிரக் குறையவில்லை. ஆகவே "வித்துப்போட்டுப் புதுசா ஒண்டு எடுப்போம்" என்பது எல்லோராலும் முடிகிற காரியமல்ல. இருக்கின்ற வேனைச் சிக்கனமாக ஓட வைப்பதுதான் வழி.

2022 ஆம் ஆண்டை யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்த ஜூன் மாதக் கடைசியில் ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபாவுக்கும், டீசல் 460 ரூபாவுக்கும் ஏறியது. பிறகு கியூஆர் முறை வந்தபோது, ஆரம்பத்தில் ஒரு வேனுக்குக் கிழமைக்கு 20 லீற்றர்தான். அந்த இருபது லீற்றரில் சில வேன்கள் கிழமை முழுவதும் ஓடின. சில வேன்கள் வியாழக்கிழமையே நின்றுவிட்டன. வேன் எவ்வளவு தின்கிறது என்பதை அன்றுதான் பல வீடுகள் முதன்முதலாகக் கவனித்தன.

முதலில் கொப்பி, பிறகு கராஜ்

"வேன் கூடக் குடிக்குது" என்று கராஜுக்குப் போனால், கண்ட கண்ட சாமான்களையெல்லாம் மாற்றிவிட்டு ஒரு பெரிய பில் வரும். அதற்கு முன்னால் வேன் உண்மையில் எவ்வளவு குடிக்கிறது என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். இதற்கு ஒரு கொப்பியும் பேனையும் போதும்.

ஒரு நாள் தாங்கியை நிரப்புங்கள். பம்ப் தானாக நிற்கும் முதல் தடவையோடு நிறுத்திவிடச் சொல்லுங்கள். மீற்றரில் உள்ள கிலோமீற்றரை எழுதிக் கொள்ளுங்கள். அடுத்த தடவையும் அதே பெற்றோல் செட்டில், முடிந்தால் அதே பம்பில், அதே மாதிரி நிரப்புங்கள். இரண்டாவது தடவை நிரம்பிய லீற்றர்தான் நீங்கள் இடையில் செலவழித்தது. ஓடிய கிலோமீற்றரை அந்த லீற்றரால் பிரித்தால் கணக்கு வந்துவிடும். டீசல் நுரைப்பதால் ஒரு தடவை நிரப்பியதை வைத்து முடிவு செய்யக் கூடாது. மூன்று தடவையாவது பார்த்துச் சராசரி எடுங்கள். ஆயிரம் ரூபாவுக்கு, இரண்டாயிரம் ரூபாவுக்கு என்று அடித்துக்கொண்டிருந்தால் கணக்கு ஒருபோதும் பிடிபடாது.

ஓர் உதாரணம். பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றும் ஒரு வேன் மாதம் 1,200 கிலோமீற்றர் ஓடுகிறது என்று வையுங்கள். லீற்றருக்கு 10 கிலோமீற்றர் ஓடினால் 120 லீற்றர் போதும். 8 கிலோமீற்றர்தான் ஓடுகிறது என்றால் 150 லீற்றர் வேண்டும். கணக்கு இலேசாக இருக்க லீற்றர் 300 ரூபா என்று எடுத்துக்கொண்டால், அந்த 30 லீற்றருக்கு மாதம் 9,000 ரூபா. பல வீடுகளில் இது ஒரு பிள்ளையின் டியூஷன் காசு.

மீற்றரையும் ஒரு தடவை சோதித்துக்கொள்ள வேண்டும். கம்பனி போட்ட அளவை விடப் பெரிய டயர் போட்டிருந்தால் மீற்றர் குறைத்துக் காட்டும். வேன் சிக்கனமாக ஓடினாலும் கொப்பியில் கூடக் குடிப்பதாகத்தான் தெரியும். பெருந்தெருவின் கிலோமீற்றர் கற்களோடு பத்துக் கிலோமீற்றர் ஓடி ஒப்பிட்டுப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். மீற்றரே வேலை செய்யாவிட்டால் கைத்தொலைபேசியில் தூரம் பார்க்கலாம்.

ஆளைச் சந்தேகிக்கும் முன்

எமக்குத் தெரிந்த ஒரு குடும்பம். கணவர் வெளிநாட்டில். பழைய லைட்ஏஸ் வேனைப் பாடசாலை ஹயருக்கு விட்டு, அந்த வருமானத்தில்தான் வீடு ஓடுகிறது. வேன் ஓட்டுவது ஊரிலேயே ஒரு தம்பி. இரண்டு மாதமாக டீசல் செலவு ஏறிக்கொண்டே போனது. "பொடியன் டீசல இழுத்து விக்கிறான் போல" என்று மாமி வீட்டில் பேச்சு எழுந்தது. அந்தச் சகோதரியும் அவனை நிறுத்திவிடலாம் என்ற முடிவுக்குக் கிட்ட வந்துவிட்டார்.

நிறுத்துவதற்கு முன் அவர் ஒன்று செய்தார். மூன்று கிழமை கொப்பி எழுதினார். அதில் ஒரு கிழமை தன் சொந்த நாநாவை ஓட்டச் சொன்னார். நாநா ஓட்டிய கிழமையிலும் லீற்றருக்கு எட்டைத் தாண்டவில்லை. அப்படியானால் குற்றம் ஓட்டுபவனில் இல்லை, வேனில் என்று விளங்கிவிட்டது. கழற்றிப் பார்த்தபோது பின்பக்கத்துச் சில்லு ஒன்றில் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. கை பிரேக் கேபிள் துருப்பிடித்து இறுகிப் போனதுதான் காரணம்.

ஒரு கொப்பி ஒருவனின் தொழிலையும் பெயரையும் காப்பாற்றியது. பணத்தை விட இது பெரிது. நம் வீட்டு ஆண்களின் மீதும் இதே சந்தேகம் விழுவதுண்டு. "காலையிலதானே ரெண்டாயிரத்துக்கு அடிச்சீங்க, எங்க போன?" என்று சண்டை பிடிக்கும் முன்னும் எண்களைப் பாருங்கள்.

நாமே பார்க்கக் கூடியவை

டயர்: காற்றுக் குறைந்த டயர் சத்தம் போடாமல் டீசலைத் தின்னும். காலையில், வேன் ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். எவ்வளவு காற்று என்பது பெரும்பாலும் சாரதிப் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும். ஆட்கள் நிறைய ஏற்றும் வேனுக்குப் பின் டயர் அளவு வேறாக இருக்கும். இரண்டு கிழமைக்கு ஒரு தடவை பாருங்கள்.

பிரேக்: சமதரையில் நியூட்டிரலில் விட்டுத் தள்ளிப் பாருங்கள். இலேசாக உருள வேண்டும். பிரேக் அதிகம் பிடிக்காமல் கொஞ்சத் தூரம் ஓடி வந்து, ஒவ்வொரு சில்லுக்கும் கிட்டக் கையைக் கொண்டு போங்கள். தொட வேண்டாம், சுட்டுவிடும். ஒன்று மட்டும் மற்றவற்றை விடக் கொதித்தால் அங்கேதான் பிரச்சினை. இது செலவு மட்டுமல்ல, ஆபத்தும் கூட.

ஒழுக்கு: இரவில் வேனுக்குக் கீழே ஒரு பெரிய கடதாசி மட்டையை விரித்து வையுங்கள். காலையில் ஈரமிருந்தால் மணந்து பாருங்கள். இந்த வேன்களில் என்ஜின் முன் ஆசனங்களுக்கு அடியில்தான் இருக்கிறது. பெற்றோல் வேனில் உள்ளே பெற்றோல் மணம் வந்தால், அன்றைக்கே கராஜுக்குக் காட்டாமல் பிள்ளைகளை ஏற்ற வேண்டாம்.

எயார் பில்டர்: பழைய காபரேற்றர் பெற்றோல் வேனிலும் பழைய டீசல் வேனிலும் பில்டர் அடைத்தால் என்ஜினுக்குக் காற்றுப் போதாது, எரிபொருள் முழுமையாக எரியாமல் போகும். தூசி வீதிகளில் ஓடும் வேனுக்கு இதை அடிக்கடி பார்க்க வேண்டும்.

பாரம்: கூரையில் சும்மா கிடக்கும் கெரியர், பின்னால் மாதக் கணக்காய்க் கிடக்கும் கதிரைகள், மூடைகள் இவற்றை இறக்குங்கள்.

புகை சொல்லும் சேதி

டீசல் வேனில் கறுப்புப் புகை வந்தால், எரிபொருள் கூடியிருக்கிறது அல்லது காற்றுக் குறைந்திருக்கிறது. நீலப் புகை என்றால் என்ஜின் ஒயில் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் டீசல் எரியாமல் வெளியேறுகிறது, அல்லது ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே போகிறது.

இன்னொரு நல்ல சாட்சி உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. வருடா வருடம் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனை செய்கிறோமே, அந்தச் சான்றிதழைக் கசக்கி எறியாதீர்கள். டீசல் வேனுக்குப் புகையின் அடர்த்தியும், பெற்றோல் வேனுக்குக் காபன் மொனொக்சைட்டு அளவும் அதில் எண்ணாக இருக்கும். சென்ற வருடத் தாளையும் இந்த வருடத் தாளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாஸ் ஆகியிருந்தாலும் எண் நன்றாக ஏறியிருந்தால் என்ஜின் எரிபொருளை வீணாக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

கராஜில் கேட்க வேண்டியவை

முதற் கேள்வி: "தேர்மோஸ்டாட் இருக்கா, கழட்டி எறிஞ்சா?" நம் நாட்டில் என்ஜின் சூடாகிறது என்றவுடன் தேர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடுவது பல கராஜ்களில் வழக்கம். என்ஜின் 80 பாகை சென்றிகிரேட்டுக்குச் சற்று மேலே சூடாகும் வரை, தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுப்பதுதான் அதன் வேலை. அது இல்லாவிட்டால் என்ஜின் சரியான சூட்டுக்கு வர நெடு நேரமாகும். குளிர்ந்த என்ஜின் கூடக் குடிக்கும். காலையில் நாலைந்து கிலோமீற்றர் மட்டும் ஓடுகின்ற பாடசாலை வேனுக்கு இது பெரிய நட்டம். சூடாவதற்கு உண்மைக் காரணம் அடைத்த ரேடியேட்டராக இருக்கும். அதைச் சுத்தம் செய்யாமல் தேர்மோஸ்டாட்டைக் கழற்றுவது, காய்ச்சலுக்கு மருந்து கொடுக்காமல் தேர்மாமீற்றரை உடைப்பது போல.

இரண்டாவது, டீசல் வேனில் இன்ஜெக்டர் நொசில்களைக் கழற்றிப் பம்ப் திருத்துமிடத்தில் சோதிக்கச் சொல்லுங்கள். டீசல் பனிபோலத் தூவ வேண்டும். சொட்டுச் சொட்டாக விழுந்தால் எரியாது. பெற்றோல் வேனில் பிளக், காபரேற்றர், சோக் திறக்கிறதா என்பவற்றைப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, கிளச். எக்சலேற்றரை மிதிக்க என்ஜின் சத்தம் ஏறுகிறது, வேன் ஏறவில்லை என்றால் கிளச் வழுக்குகிறது.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் திருத்துங்கள். பிறகு இரண்டு தடவை தாங்கி நிரப்பிக் கணக்குப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றினால் எது பலன் தந்தது என்று ஒருநாளும் தெரியாது. மாற்றிய பழைய சாமானைத் திருப்பித் தரும்படி கேட்பதில் வெட்கமில்லை.

ஓட்டும் விதம்

பாடசாலை வாசலில் ஏசியைப் போட்டுக்கொண்டு அரை மணித்தியாலம் நிற்கும் வேன் ஓடாமலே டீசல் குடிக்கிறது. ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்பதென்றால் என்ஜினை நிறுத்துவது நல்லது. அதிவேக வீதியில் மணிக்கு 80 கிலோமீற்றரிலிருந்து 100 க்கு ஏறினால், பெட்டி போன்ற வேனுக்குக் காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிறது. மெதுவாகப் போனால் பத்து நிமிடம்தான் பிந்தும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். கடுகண்ணாவை போன்ற இறக்கங்களில் "டீசல் மிச்சம் பிடிக்கிறேன்" என்று நியூட்டிரலில் விடுவதோ, என்ஜினை நிறுத்துவதோ வேண்டவே வேண்டாம். கியரில் இறங்கும்போது, எக்சலேற்றரில் கால் இல்லாவிட்டால் டீசல் பம்ப் எரிபொருளை அநேகமாக நிறுத்திவிடும். நியூட்டிரலில் விட்டால்தான் என்ஜின் ஓடுவதற்கு டீசல் தேவை. என்ஜின் நின்றாலோ, பிரேக்குக்கு உதவும் வெற்றிடமும் நின்றுவிடும். பிரேக் கல்லாகிவிடும். உங்கள் பிள்ளைகள் உள்ளே இருக்கும் வேன் அது.

ஏமாற்றும் குறுக்கு வழிகள்

எரிபொருள் குழாயில் காந்தம், தாங்கியில் குளிசை என்று விற்பார்கள். இப்படிப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளையும் மருந்துகளையும் அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு நிறுவனம் ஆராய்ந்திருக்கிறது. குறிப்பிடத்தக்க பலன் தந்ததாக ஒன்றும் தேறவில்லை. பழைய காபரேற்றர் வேனுக்கு 92 பெற்றோல் போதும் என்றிருக்க, 95 அடிப்பதாலும் தூரம் கூடாது.

மண்ணெண்ணெய் கலப்பதும் அப்படித்தான். 2022 ஓகஸ்ட் வரை மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவாக இருந்ததால் பலர் கலந்தார்கள். பிறகு அது 340 ரூபாவானது. டீசல் பம்புக்கு எண்ணெய்ப் பிடிப்பைத் தருவதே டீசல்தான். மண்ணெண்ணெயில் அது குறைவு. மிச்சம் பிடித்த காசைப் போல பல மடங்கு பம்ப் திருத்தப் போய்விடும்.

இவ்வளவும் செய்தும் கணக்கு ஏறாவிட்டால் என்ஜின் தேய்ந்திருக்கக் கூடும். கம்ப்ரஷன் சோதித்துப் பார்த்த பிறகே என்ஜின் திறப்பதைப் பற்றி முடிவெடுங்கள். அதற்கு ஆகும் செலவை, மாதம் மிஞ்சக்கூடிய தொகையால் பிரியுங்கள். எத்தனை மாதத்தில் காசு திரும்பும் என்பது தெரிந்துவிடும். ஐந்தாறு வருடம் ஆகுமென்றால், அந்தப் பணத்தை வேறு வாகனத்துக்குச் சேர்ப்பதே புத்தி.

அடுத்த தடவை வேன் பெற்றோல் செட்டுக்குப் போகும்போது ஒரு கொப்பியையும் முன் ஆசனத்தில் வைத்து அனுப்புங்கள். முதல் வரியில் திகதி, கிலோமீற்றர், லீற்றர் என்ற மூன்றையும் எழுதினால் போதும். மாதக் கடைசியில் அந்தக் கொப்பியோடு வீட்டிலுள்ளவர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசுங்கள்.