ஒரே சட்டியில் கோழி... பாத்திரம் யார் கழுவுவது?

"முப்பதே நிமிடத்தில் சுவையான சிக்கன்!" இப்படித் தலைப்பு வைத்த எந்தச் சமையல் குறிப்பையும் நான் நம்புவதில்லை மக்களே. அந்த முப்பது நிமிடம் எங்கே தொடங்குகிறது என்று கொஞ்சம் கவனியுங்கள். வெங்காயம் உரித்து நறுக்கி ஒரு கிண்ணத்தில் இருக்கும். இஞ்சி பூண்டு விழுது இன்னொரு கிண்ணத்தில். தேங்காய் அரைத்து ரெடி. கோழி கழுவி, தயிரில் ஊறி, அதுவும் ரெடி. சமைப்பவர் ஒவ்வொரு கிண்ணமாகச் சட்டியில் கவிழ்த்துவிட்டு நம்மைப் பார்த்துச் சிரிப்பார். கவிழ்த்த கிண்ணம் அப்புறம் எங்கே போகிறது? அதை எந்த கேமராவும் காட்டாது.

நான் சொல்கிறேன். சிங்க்குக்குப் போகிறது. அங்கே யாரோ ஒருவர் ராத்திரி பத்து மணிக்கு நின்று கழுவப் போகிறார்.

வார நாள் இரவுச் சமையலை நிமிடத்தால் அளக்கவே கூடாது, பாத்திரத்தால்தான் அளக்க வேண்டும் என்பது என் கட்சி. இதைச் சொன்னதும் வகுப்பில் ஒருத்தன் "நீ சமையல்காரனா, பாத்திரக்கடைக்காரனா?" என்று கேட்டான். கேட்கட்டும். அவன் வீட்டில் அவன் தட்டைக்கூட அவன் கழுவுவதில்லை என்பது ஊரறிந்த ரகசியம் :-)

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் வறுத்து அரைத்த கோழிக் குழம்பு. மசாலா வறுக்க ஒரு வாணலி. வறுத்ததை ஆற வைக்க ஒரு தட்டு. அரைக்க மிக்ஸி ஜாரும் அதன் மூடியும். கோழி கழுவ ஒரு போசி (எங்கள் கொங்குப் பக்கம் பாத்திரத்துக்குப் போசி என்று பெயர்), ஊற வைக்க இன்னொரு போசி. குழம்புச் சட்டி. சாதம் வைத்த குக்கர், அதற்குள் ஒரு பாத்திரம். "கோழிக் குழம்புன்னா ரசம் இல்லாமயா?" என்று ஒரு குரல் வரும், ஆக ரசச் சட்டி. இதுவே பத்து உருப்படி. சாப்பிட்ட தட்டு, டம்ளர், கரண்டி எல்லாம் இன்னும் சேர்க்கவில்லை. இதில் மிக்ஸி ஜார் மட்டுமே மூன்று பாத்திரத்துக்குச் சமம். பிளேடுக்கு அடியில் போய் உட்கார்ந்திருக்கும் தேங்காய் மசாலாவை விரல் விட்டு நோண்டி எடுத்தவர்களுக்குத்தான் அந்த வலி தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை இதெல்லாம் செய்யலாம், தப்பில்லை. நாள் முழுக்க நேரம் இருக்கிறது. ஆனால் புதன்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்கு வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே "இன்னிக்கு சிம்பிளா ஒரு சிக்கன் குழம்பு வச்சுடேன்" என்று சொல்லப்படுகிறதே, அந்த "சிம்பிளா"தான் எனக்கு ஆத்திரம் வரவழைக்கும் சொல். (ஏன் புதன்? செவ்வாய், வெள்ளி, சனி பல வீடுகளில் கறி கிடையாது. மிச்சத்தில் ஞாயிறைவிட்டால் நடுவில் மாட்டுவது புதன்தான்.) சாப்பிடுகிறவருக்கு அது ஒரு குழம்பு. வைக்கிறவருக்குப் பத்துப் பாத்திரம்.

வைக்கிறவரும் கழுவுகிறவரும் யார் என்பதற்கு ஆதாரம் தேவையில்லை. இருந்தாலும் நம்மாட்களுக்கு எண் சொன்னால்தான் மண்டையில் ஏறும் என்பதால் சொல்கிறேன். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்று எடுத்தது. சம்பளம் இல்லாத வீட்டு வேலைகளை ஒரு நாளில் செய்தவர்கள் பெண்களில் நூற்றுக்கு 81 பேர், ஆண்களில் 26 பேர். அப்படிச் செய்தவர்களுக்குள்ளும் பெண்கள் சராசரியாக நாளுக்கு 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம்! இதில் எத்தனை நிமிடம் சிங்க் முன்னால் போகிறது என்று உங்கள் வீட்டிலேயே ஒரு நாள் கடிகாரத்தை வைத்துப் பாருங்கள்.

சரி, அப்படியானால் வார நாளில் கோழியே வேண்டாமா? வேண்டும். அதற்குத்தான் ஒரே சட்டிச் சமையல்.

இந்த இடத்தில் வெளிநாட்டுக் குறிப்புகளைக் கொஞ்சம் திட்டிக்கொள்கிறேன். "ஒன் பாட் சிக்கன்", "ஒன் பேன் சிக்கன்" என்று ஆயிரம் கிடைக்கின்றன. படித்துப் பார்த்தால், முதலில் கோழியை எண்ணெயில் சிவக்க வறுத்து ஒரு தட்டில் எடுத்து வை என்பார்கள். பிறகு அதே சட்டியில் காளான் வதக்கி இன்னொரு தட்டில் எடுத்து வை. பிறகு சாஸ். பிறகு எல்லாவற்றையும் திரும்பக் கொட்டு. அந்த இரண்டு தட்டும் கணக்கில் வராதாம்! பச்சைக் கோழியை எடுத்த இடுக்கி வேறு. கூடவே க்ரீம், தைம், சீஸ் என்று ஒரு மாதப் பாக்கெட் மணியை விழுங்கும் பட்டியல். அவரவர் ஊரில் அது நல்ல சாப்பாடாக இருக்கும், சந்தேகமில்லை. ஆனால் அதைப் பார்த்துவிட்டு "அடடா, ஒரே சட்டியில் சமைப்பதை வெள்ளைக்காரன் கண்டுபிடித்திருக்கிறானே" என்று நாம் வாய் பிளப்பதுதான் தாங்க முடியவில்லை.

ஈரோட்டிலிருந்து காவிரிப் பாலத்தைத் தாண்டினால் பள்ளிபாளையம். நாமக்கல் மாவட்டம், விசைத்தறிச் சத்தம் ஓயாத ஊர். அந்த ஊர்ப் பெயரைத் தாங்கிய கோழி வறுவல் இருக்கிறதே, அதுதான் என்னைப் பொறுத்தவரை உலகத்தின் மிக நாணயமான ஒரே சட்டிக் கோழி. கோழி, சின்ன வெங்காயம், வரமிளகாய், தேங்காய்ப் பல், கறிவேப்பிலை, மஞ்சள்தூள், உப்பு, எண்ணெய். முடிந்தது. அரைப்பது கிடையாது. மல்லித்தூள், கரம் மசாலா கிடையாது. தக்காளி கிடையாது. வீட்டுக்கு வீடு கொஞ்சம் மாறும், இஞ்சி பூண்டு தட்டிப் போடுகிறவர்கள் உண்டு, சண்டைக்கு வர மாட்டேன். ஆனால் வேறு ஊர் ஓட்டல்களில் இதே பெயரில் சிவப்புக் கலர் போட்டு, கார்ன்ஃப்ளவர் மாவில் புரட்டித் தருகிறார்களே, அதற்குச் சண்டைக்கு வருவேன்.

எங்கள் அறையில் நாலு பேர், ஒரே ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு. அதனால் ஒரே சட்டி என்பது எங்களுக்குக் கொள்கை அளவில் மட்டும் அல்ல, வேறு வழியும் கிடையாது. உருண்டை அடி வடைச்சட்டி அந்த அடுப்பில் நிற்காது. தட்டை அடியுள்ள அகலமான இரும்புச் சட்டி ஒன்று வாங்கினால் போதும்.

அரைக் கிலோ பிராய்லர் கோழி. கடையில் "அண்ணே, சின்னச் சின்ன பீஸா போட்டுக் குடுங்க" என்று சொல்லிவிடுங்கள். இதில் பாதி வேலை முடிந்தது. பெரிய துண்டு வேக நேரமாகும், உப்பும் காரமும் உள்ளே போகாது. நாட்டுக்கோழி இந்த அவசரத்துக்கு ஆகாது, அதற்குக் குக்கர் வேண்டும், உடனே பாத்திரக் கணக்கு ஏறும்.

சின்ன வெங்காயம் ஒரு இருபது, இருபத்தைந்து. இங்கேதான் நேரம் தின்னும், ஒப்புக்கொள்கிறேன். கொஞ்ச நேரம் தண்ணீரில் போட்டு வைத்தால் தோல் லேசாகக் கழன்று வரும். ஞாயிற்றுக்கிழமை நாலு பேரும் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டே உரித்து டப்பாவில் அடைத்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால் புதன்கிழமை ராஜா மாதிரி இருக்கலாம்.

வரமிளகாய் பத்து, பன்னிரண்டு. கிள்ளி உள்ளே இருக்கும் விதையை உதறிவிட வேண்டும். காரம் முழுக்க விதையில் இருப்பதாகத்தான் எல்லாரும் நினைக்கிறோம். உண்மையில் விதை ஒட்டியிருக்கும் அந்த வெளிறிய நரம்பில்தான் காரம் குவிந்திருக்கிறது. உதறும்போது அதுவும் விதையோடு சேர்ந்து பெரும்பாலும் வந்துவிடும். மிச்சம் இருப்பது நிறமும் வாசனையும் அளவான காரமும்.

சட்டியில் மூன்று கரண்டி நல்லெண்ணெய் அல்லது கடலெண்ணெய். மிதமான சூட்டில் மிளகாய், கறிவேப்பிலை. (சூடு அதிகமானால் நெடி ஏறிப் பக்கத்து அறைக்காரன் இருமிக்கொண்டே வந்து கதவைத் தட்டுவான்.) வெங்காயம் போட்டுக் கண்ணாடி மாதிரி ஆகும்வரை வதக்கல். கோழி, மஞ்சள், உப்பு. சூட்டைக் கூட்டி மூன்று, நாலு நிமிடம் புரட்டல். அப்புறம் சூட்டைக் குறைத்து மூடி போட்டுப் பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம். ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்ற வேண்டாம், கோழியே விடும். கடைசியில் மூடியை எடுத்து, தேங்காய்ப் பல்லைப் போட்டு, சூட்டைக் கூட்டி, தண்ணீர் வற்றிச் சுருண்டு எண்ணெய் பிரியும்வரை கிளறல்.

இந்தக் கடைசிக் கட்டத்தில்தான் விஷயமே இருக்கிறது. சட்டியில் தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. கறி சிவந்து அந்த வறுத்த வாசனை வர 140 டிகிரி பக்கம் போக வேண்டும். அதனால்தான் அகலச் சட்டி. குழிச் சட்டியில் போட்டால் நீராவி வெளியேற இடமில்லாமல் கோழி அவிந்துகொண்டே கிடக்கும். வெளிநாட்டுக் குறிப்பு முதலில் வறுத்து, எடுத்து வைத்து, பிறகு வேக வைக்கிறது. பள்ளிபாளையம் முதலில் தன் தண்ணீரிலேயே வேக வைத்து, கடைசியில் அதே இடத்தில் வறுக்கிறது. எடுத்து வைக்கத் தட்டே தேவையில்லை. யார் யோசித்தார்களோ, அவர்களும் பாத்திரம் கழுவியவர்களாகத்தான் இருக்க வேண்டும்!

"சரிப்பா, சாதம்? அது இன்னொரு பாத்திரம்தானே?" நியாயமான கேள்வி. கறி வறுத்த சட்டியில் சோற்றைப் போட்டுப் புரட்டிச் சாப்பிடாத தமிழ்க் குழந்தை உண்டா? அடியில் ஒட்டியிருக்கும் எண்ணெயும் கருகின வெங்காயமும் ஒவ்வொரு பருக்கையிலும் ஏறும். காலையில் வைத்து ஃபிரிட்ஜில் எடுத்து வைத்த சாதம் இருந்தால் (வெளியிலேயே கிடந்த சாதம் வேண்டாம், வயிறு கெடும்) கோழியைத் தட்டுகளில் போட்டுவிட்டு அதே சட்டியில் சாதத்தைக் கொட்டிச் சூடேறக் கிளறுங்கள். நமக்கு இது சாப்பாட்டின் உச்சகட்டம். சாதம் இல்லாத நாளில் கடையில் நாலு பரோட்டா, குருமா வேண்டாம் என்று சொல்லி.

பிரியாணிக் கட்சிக்காரர்கள் இங்கே கொடி பிடிப்பார்கள். குக்கர் பிரியாணியும் ஒரே பாத்திரம்தான், வாஸ்தவம். ஆனால் அரிசி ஊற ஒரு கிண்ணம், விழுது அரைக்க அதே பாழாய்ப்போன ஜார், தயிர்ப் பச்சடிக்கு ஒரு கிண்ணம். அதற்குப் பிறகு அடி பிடித்த குக்கரை ராத்திரி முழுக்க ஊற வைத்துக் காலையில் சுரண்ட வேண்டும். மாதத்தில் ஒரு நாளைக்கு என்றால் என் ஓட்டும் பிரியாணிக்கே.

ருசி குறையாதா என்று கேட்பவர்களுக்கு: குழம்பு ருசி வேறு, இது வேறு. பிசைந்து சாப்பிடக் குழம்பு வேண்டும் என்று நாக்கு கேட்கும் நாளும் உண்டு. அன்றைக்குக் கேட்கிறவரே ஜாரைக் கழுவட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை.

கோழி கழுவுவது பற்றியும் ஒரு வார்த்தை. பச்சைக் கோழியைக் குழாயடியில் கழுவாதீர்கள் என்று பிரிட்டனின் உணவுத் தர நிறுவனம் 2014-இல் ஒரு பிரசாரமே செய்தது. தெறிக்கும் தண்ணீரில் கிருமி சுற்றிலும் பரவும் என்பதுதான் காரணம். நன்றாக வெந்தாலே, அதாவது உள்ளே 74 டிகிரி சூடு ஏறினாலே கிருமி செத்துவிடும். ஆனால் நம் கடையில் வெட்டும் கோழியில் ரத்தமும் எலும்புத் தூளும் ஒட்டியிருக்கும்போது கழுவாமல் போட நம்மூரில் யாருக்கும் மனசு வராது, எனக்கும்தான். கழுவுவதானால் போசியில் தண்ணீர் வைத்து மெதுவாக அலசுங்கள், குழாயைத் திறந்துவிட்டு அதன் கீழே பிடிக்காதீர்கள். அலசியதும் சிங்க்கையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவிவிட வேண்டும், தட்டுகள் பக்கத்தில் இருக்கக் கூடாது.

இப்போது மொத்தக் கணக்கு. ஒரு சட்டி, ஒரு மூடி, ஒரு கரண்டி, ஒரு கத்தி, ஒரு பலகை, கோழி அலசின போசி. ஆறு. மூடியையும் கத்தியையும் கழுவுவதெல்லாம் ஒரு வேலையா? வெங்காயம் உரித்து வைத்திருந்தால் அடுப்பு நேரம் அரை மணி. புளி, தக்காளி சேராததால் பழகிய இரும்புச் சட்டியின் மேல்பூச்சும் கெடாது. சுடுதண்ணீர் ஊற்றித் தேய்த்து, துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி வைத்தால் போதும்.

சட்டியில் புரட்டின சோறு யாருக்கு என்பதில் எங்கள் அறையில் பல நாள் தகராறு. கடைசியில் சட்டியோடு சாப்பிடுகிறவன் சட்டியைக் கழுவ வேண்டும் என்று சட்டம் போட்டோம். இரண்டு பேர் உடனே போட்டியிலிருந்து விலகிவிட்டார்கள். மிச்சம் இரண்டு பேருக்குள் இப்போது முறை வைத்து நடக்கிறது. இந்த வாரம் என் முறை.