கேடயங்கள் தொங்கும் மலை

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் தொங்கிக்கொண்டிருந்த மலைத்தேன் கூட்டைச் செவ்வாய் இரவு தீப்பந்தம் பிடித்துக் கொளுத்திவிட்டார்கள். காலையில் வாட்ச்மேன் கருகிய தேனீக்களைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தார்.

“யாரையாச்சும் கொட்டிடுச்சாண்ணே?”

“இல்ல சார். கொட்டிட்டா என்ன பண்றதுன்னுதான்.”

ஷிப்ட் மாறும் வழி அது, பயம் நியாயமே. ஆனால் தேனெடுக்கத் தெரிந்த இருளர்கள் இதே திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறார்கள். ஒருவரைக் கூப்பிட்டிருந்தால் புகை காட்டிக் கலைத்திருப்பார். வீடு திரும்பியும் ஆறவில்லை.

குறுந்தொகையை எடுத்தேன். உ.வே.சா. 1937இல் கொண்டுவந்த உரைப்பதிப்பு. 392ஆம் பாட்டு, பாடியவர் தும்பிசேர் கீரனார். ஊராலும் தொழிலாலும் பேர் பெற்ற புலவர்கள் பலர். இவரை மற்றக் கீரன்களிடமிருந்து பிரித்துக் காட்டுவது ஒரு பூச்சி. தும்பியைக் கூப்பிட்டுப் பேசியதாலேயே வந்த பேர் என்று நினைக்கிறேன். நற்றிணை 277இலும் தும்பியைத்தான் கூப்பிடுகிறார். அங்கே தலைவி அதைத் திட்டுகிறாள்: வீட்டைக் காக்கும் முள்வேலியில் படர்ந்த பீர்க்கம்பூவை ஊதுகிறாய், என் பசலையை ஊத மாட்டேன் என்கிறாய், மணமில்லை என்பதாலா? பீர்க்கம்பூவும் மஞ்சள், பசலையும் மஞ்சள். வேலிக்குள் அவள் வாடிக்கிடக்க, பூச்சிக்கு அந்த வேலியே விருந்து.

392இல் பேசுபவள் தோழி. தினைப்புனத்தில் களையெடுப்பவர்களின் தங்கை இன்னும் சுற்றத்தார் காவலிலேயே இருக்கிறாள் என்று மலைநாட்டானிடம் போய்ச் சொல்லச் சொல்கிறாள். நல்ல சொல்லைச் சொல்ல எதற்கு அச்சம் என்று தும்பிக்குத் தைரியமும் கொடுக்கிறாள். அவன் மலையில் தேனடைகள் எப்படித் தொங்குகின்றன? அரசர் படையில் வரிசையாகச் செல்லும் தோல் கேடயங்களைப் போல.

அடை அசையாது, கேடயம் ஏன் நகர்கிறது? இருபது வருடமாக அந்த உவமையை வடிவத்துக்காக மட்டுமே ரசித்துவந்தேன். கொளுத்துவதற்கு முந்தின வாரம்தான் விடை கிடைத்தது. மலைத்தேனீ பொந்து தேடுவதில்லை. திறந்த வெளியில் ஒற்றை அடை கட்டி, தன் உடம்புகளையே அடுக்கடுக்காக அதன்மேல் போர்த்திக்கொள்கிறது. தொட்டிப் பக்கம் ஒரு கதண்டு வந்தது. ஆயிரக்கணக்கான தேனீக்கள் ஒன்றையடுத்து ஒன்றாக வயிற்றைத் தூக்கி இறக்கின. அடையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு அலை ஓடியது. மறுபடியும் ஓடியது. கதண்டு திரும்பிவிட்டது. ஒரு கொடுக்குகூட வெளியே வரவில்லை.

கீரனார் இதை நின்று பார்த்திருக்கிறார் என்றே நம்புகிறேன்.

மலைத்தேனீக் கூட்டம் பழைய இடத்தைத் தேடித் திரும்புவதுண்டு. தொட்டியடியில் மெழுகுத் தடம் இன்னும் இருக்கிறது. வாட்ச்மேனிடம் என் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். “வந்தா முதல்ல எனக்குப் போன் பண்ணுங்கண்ணே. ராத்திரி எந்நேரமானாலும்.”