போன் பெட்டியில் யாருடைய போன் இருக்கிறது?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் மாலைநேரப் படிப்பகத்தின் பழைய மாணவி ஒருத்தி வந்திருந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் நூற்பாலை வேலைக்குப் போனவள். எட்டு மாதம் ஆகிறது. ஷிப்ட் தொடங்கும்போது கேட்டில் செக்யூரிட்டியிடம் போனைக் கொடுத்து டோக்கன் வாங்க வேண்டும். ஷிப்ட் முடிந்ததும் டோக்கனைக் காட்டித் திரும்ப வாங்க வேண்டும். ஒருநாள் காலை பத்து மணிக்கு அவளுடைய அப்பா வேலை செய்த இடத்தில் மயங்கி விழுந்திருக்கிறார். அம்மா பதினோரு முறை கூப்பிட்டிருக்கிறார். பிறகு யாரிடமோ ஆலை அலுவலக எண்ணை வாங்கி அதற்கும் கூப்பிட்டிருக்கிறார். "ஷிப்ட் முடியட்டும்மா, சொல்றோம்" என்று வைத்துவிட்டார்கள். மாலை ஆறு மணிக்கு மேல், கேட்டில் போனை வாங்கிப் பார்த்தபோதுதான் அவளுக்கே தெரிந்திருக்கிறது.

அப்பா பிழைத்துக்கொண்டார். ஆனால் அவள் கேட்ட ஒரு கேள்வி எங்களை இன்னும் விடவில்லை. "மெஷின் ஓடுற இடத்துல போன் வேணாம்னு சொல்றது சரிதான்க்கா. ஆனா எங்க சூப்பர்வைசர் அதே மெஷின் பக்கத்துல நின்னு ரீல்ஸ் பாக்குறாரே, அவருக்கு மட்டும் எப்படி?"

தோழர்களே, இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியதுதான்.

"இந்தக் காலத்துப் பிள்ளைகளை வைத்து வேலை வாங்க முடியவில்லை, எந்நேரமும் போனையே நோண்டிக்கொண்டிருக்கிறார்கள்." ஜவுளிக்கடை முதலாளியிடம் கேட்டாலும், ஆலை மேலாளரிடம் கேட்டாலும், நம்முடைய சொந்த அமைப்புகளின் மூத்தவர்களிடம் கேட்டாலும் இதே புலம்பல்தான். இதில் உண்மையே இல்லை என்று நாம் சொல்லக்கூடாது. நூற்பாலையில் கவனம் ஒரு நொடி சிதறினால் விரல் போகும். துப்பட்டாவோ கூந்தலோ மாட்டினால் உயிர் போகும். பஸ் ஓட்டுபவரும், மருத்துவமனையில் ஊசி போடுபவரும் வேலை நடுவே போனைப் பார்க்கக்கூடாது என்பதில் யாருக்கும் மாற்றுக்கருத்து இருக்க முடியாது. எந்த வேலையாக இருந்தாலும், நாம் குனிந்து போனைப் பார்க்கும் நேரத்தில் நம் பங்கு வேலையைப் பக்கத்தில் இருக்கும் தோழர்தான் சேர்த்துச் செய்கிறார். இதை ஒப்புக்கொண்டே பேசுவோம்.

ஆனால் பாதுகாப்புக்காகப் போடப்பட்ட விதி எது, அடக்கி வைப்பதற்காகப் போடப்பட்ட விதி எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அதற்கு மூன்று கேள்விகள் போதும். விதி எல்லோருக்கும் ஒன்றா? போனை வாங்கி வைத்துக்கொண்டால், வீட்டிலிருந்து வரும் அவசரச் செய்தி தொழிலாளியை அடைய வேறு வழி இருக்கிறதா? விதியை மீறினால் என்ன தண்டனை, அதை யார், எந்த முறைப்படி தீர்மானிக்கிறார்கள்?

முதல் கேள்வியிலேயே பெரும்பாலான இடங்கள் தோற்றுவிடும். இயந்திரத்துக்குச் சாதி தெரியாது, பதவி தெரியாது. சைடர் கையில் இருக்கும் போன் ஆபத்து என்றால் சூப்பர்வைசர் கையில் இருப்பதும் ஆபத்துதான். ஒருவருக்குத் தடை, இன்னொருவருக்கு அனுமதி என்றால் அங்கே காக்கப்படுவது அதிகாரம்தான்.

ஆலைக்குள் யார் எதைத் தொடலாம் என்பது நமக்குப் புதிய சண்டை இல்லை. பம்பாய் பருத்தி ஆலைகளில் தீண்டப்படாதவர்களை நெசவுப் பிரிவில் சேர்க்காமல் ஒதுக்கி வைத்திருந்தார்கள். அறுந்த நூலை எச்சில் தொட்டு முடிய வேண்டியிருந்தது, அந்த எச்சில் பட்ட நூலைத் தொட மாட்டோம் என்று சாதி இந்துத் தொழிலாளர்கள் சொன்னதுதான் காரணம். கூலி அதிகமுள்ள பிரிவு அது. 1928 பம்பாய் ஆலை வேலைநிறுத்தத்தின்போது இந்தத் தடையை நீக்குவதையும் கோரிக்கையில் சேர்க்க வேண்டும் என்று அண்ணல் அம்பேத்கர் போராட வேண்டியிருந்தது. அவர் சண்டை போட வேண்டியிருந்தது முதலாளிகளோடு மட்டும் அல்ல, தொழிற்சங்கத் தலைவர்களோடும்தான். அன்று பிரச்சினை வாயில் ஊறும் எச்சில். இன்று கையில் இருக்கும் போன். விதி என்ற பெயரில் ஒன்று வரும்போது, அது யார் மேல் மட்டும் விழுகிறது என்று முதலில் பார்க்கும் பழக்கம் நமக்கு அங்கிருந்து வந்தது.

தமிழ்நாட்டுக்கு வருவோம். கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டார ஆலைகளில் 'சுமங்கலித் திட்டம்' நடந்த கதை உங்களில் பலருக்குத் தெரியும். மூன்று வருடம் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்தால் கடைசியில் மொத்தமாக ஒரு தொகை, அது கல்யாணத்துக்கு உதவும் என்று சொல்லித்தான் ஆள் சேர்த்தார்கள். சேரிகளிலிருந்தும் வறண்ட மாவட்டங்களிலிருந்தும் பதின்வயதுப் பெண்கள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் தலித் பெண்கள். 2011இலும் 2014இலும் வெளிவந்த ஆய்வறிக்கைகள் அந்த ஹாஸ்டல்களைப் பற்றி எழுதியபோது, வெளியே போகத் தடை, சொந்தமாகப் போன் வைத்துக்கொள்ளத் தடை என்ற இரண்டும் அவற்றில் இருந்தன.

ஹாஸ்டல் அறையில் எந்த இயந்திரம் ஓடுகிறது? அங்கே போனைப் பிடுங்குவதற்குப் பாதுகாப்பு என்ற காரணம் செல்லாது. "பொண்ணு யார்கிட்டயாவது பேசிடுவா, ஓடிப்போயிடுவா" என்ற பயம்தான் காரணம். அவள் தன் சாதிக்கு வெளியே ஒருவனோடு பேசிவிடுவாளோ என்ற பயமும் அதற்குள் இருக்கிறது. பெற்றோரிடமும் இதையே சொல்லி நம்ப வைக்கிறார்கள். நம் வீட்டு அப்பா அம்மாவே "அங்க போன் குடுக்க மாட்டாங்க, பாதுகாப்பா இருக்கும்" என்று சொல்வதை நாங்கள் கேட்டிருக்கிறோம். இந்த இடத்தில் ஆலையோடு நம் வீடும் சேர்ந்துதான் பூட்டுப் போடுகிறது. தோழர்களே, அதையும் நாம்தான் பேச வேண்டும்.

2019இல் கேரள உயர் நீதிமன்றம் தந்த ஒரு தீர்ப்பு இங்கே நினைவுக்கு வருகிறது. கோழிக்கோடு மாவட்டத்தில் ஒரு கல்லூரிப் பெண்கள் விடுதியில் மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை போன் பயன்படுத்தக்கூடாது என்று விதி போட்டார்கள். ஏற்க மறுத்த மாணவியை விடுதியிலிருந்து வெளியேற்றினார்கள். அவர் வழக்குப் போட்டார். இணையத்தைப் பயன்படுத்தும் உரிமை கல்வி உரிமையின் பகுதி, அந்தரங்க உரிமையின் பகுதி என்று சொல்லி, அவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள நீதிமன்றம் உத்தரவிட்டது. அது கல்லூரி விடுதியைப் பற்றிய தீர்ப்பு, அதுவும் பக்கத்து மாநிலத்தில். ஆனால் பதினெட்டு வயது முடிந்த மாணவிக்கு உள்ள அந்தரங்கம், அதே வயதில் ஆலை ஹாஸ்டலில் தங்கும் தொழிலாளிக்கு இல்லாமல் போவது எப்படி என்று கேட்க அது நமக்கு உதவும்.

2021 ஜனவரியில் திண்டுக்கல் வட்டாரத்தில் ஆயத்த ஆடை ஆலை ஒன்றில் வேலை பார்த்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். அவருடைய சூப்பர்வைசர் மீதே கொலை வழக்குப் பதிவானது. அதன் பிறகு, தலித் பெண்கள் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் நடத்திய போராட்டத்தால் 2022இல் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' கையெழுத்தானது. பன்னாட்டு ஆடை நிறுவனங்களும் அதில் கையெழுத்திட்டன. தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்களுக்குப் பயிற்சி தந்து உற்பத்திப் பிரிவிலேயே இருக்கச் செய்தது, புகார் கொடுத்தவரைப் பழிவாங்கத் தடை போட்டது ஆகியவை அதன் முக்கியமான பகுதிகள்.

இதை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. போன் கையில் இருந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று நாங்கள் சொல்லவில்லை. போனை வைத்துக்கொண்டு தனியாக நிற்கும் பெண்ணை விட, போன் இல்லாவிட்டாலும் பக்கத்து மெஷினில் சங்கத் தோழியை வைத்திருக்கும் பெண் பாதுகாப்பாக இருக்கிறாள். ஆனால் சங்கமும் இல்லை, புகார்க் குழுவும் காகிதத்தில் மட்டும்தான், போனும் கேட்டில் என்றால் உள்ளே நடப்பது வெளியே வர வழியே இல்லை. போனை வாங்கி வைக்கும் நிர்வாகம், அதற்கு முன் அந்த வழியைத் திறந்து வைத்திருக்க வேண்டும்.

இந்தக் கதைக்கு மறுபக்கமும் உண்டு. நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி 1 முதல் செயலி வழியாக வருகைப் பதிவு எல்லா இடங்களிலும் கட்டாயமானது. ஒரு நாளில் இரண்டு முறை படம் எடுத்து ஏற்ற வேண்டியிருந்தது. சிக்னல் கிடைக்காத ஊரில் படம் ஏறவில்லை என்றால், மண் வெட்டிய அம்மாவின் கூலி சிக்கலில் மாட்டியது. சண்டிகர், நாக்பூர் போன்ற நகரங்களில் துப்புரவுத் தொழிலாளர்களின் கையில் இருக்கும் இடத்தைக் காட்டும் கைக்கடிகாரத்தைக் கட்டிவிட்டார்கள். துப்புரவு வேலையை யார் தலையில் இந்தச் சமூகம் கட்டியிருக்கிறது என்பது நமக்குத் தெரியும். உணவு டெலிவரி செய்யும் தம்பிக்கோ போன்தான் மேஸ்திரி. ஆக, ஆலைக்குள் நம் பிள்ளையின் கையிலிருந்து போனைப் பிடுங்குகிறார்கள். தெருவில் நம் அம்மாவின் கையில் கருவியைக் கட்டுகிறார்கள். நாம் பேசும் கருவி வேண்டாம், நம்மைப் பார்க்கும் கருவி வேண்டும் என்பதுதான் இரண்டுக்கும் பொதுவான கணக்கு.

ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு நம் வீட்டை மறைக்கக்கூடாது. எங்கள் அலுவலகத்திலும் நாங்கள் இதே தவறைச் செய்தோம். கள வேலைக்கும் படிப்பகத்துக்கும் நான்கு இளையவர்கள் எங்களோடு வேலை செய்கிறார்கள். கூட்டம் நடக்கும்போது குனிந்த தலை நிமிராமல் போன் பார்த்தார்கள். எரிச்சலில் ஒரு பிஸ்கட் டப்பாவை மேசையில் வைத்து, "வந்ததும் போனை இதில் போடுங்கள்" என்றோம். எங்கள் போன்கள் மட்டும் எங்கள் சட்டைப்பையில் இருந்தன. "எங்களுக்கு முக்கியமான அழைப்பு வரும்" என்று நினைத்தோம். நான்காவது நாள் ஒரு தம்பி அமைதியாகச் சொன்னான்: "அண்ணா, நம்ம ஊர் டீக்கடையில எங்களுக்குத் தனி கிளாஸ் இருந்த மாதிரி இருக்கு."

அந்த ஒப்பீடு அதிகம் என்று எங்களில் சிலருக்குக் கோபம் வந்தது. ராத்திரி யோசித்தபோது கோபம் போய் வெட்கம் வந்தது. மறுநாள் எல்லோரும் உட்கார்ந்து பேசினோம். கூட்டத்தின்போது எல்லோருடைய போனும் டப்பாவுக்குள் போக வேண்டும், ஒருங்கிணைப்பாளருடையது முதலில். ஒரு பொது எண் சத்தத்தோடு மேசையில் இருக்கும், அந்த எண் எல்லோர் வீட்டிலும் இருக்கும். களத்துக்குப் போகும்போது போனை யாரும் கேட்க மாட்டோம், வன்கொடுமை நடந்த ஊரில் போன்தான் நம் முதல் சாட்சி. இவற்றை எழுதி ஒட்டினோம். இன்னொன்றும் அப்போதுதான் தெரிந்தது. அவர்களில் ஒருத்தி கூட்டத்தில் போன் பார்த்தது கல்வி உதவித்தொகை விண்ணப்பத்துக்காக. கடைசி நாள் தாண்டிவிடுமோ என்ற பயம். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். நாங்கள் கேட்கவில்லை.

இனி, வேலைக்குப் போயிருக்கும் தோழர்கள் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டியவை. போன் பார்த்ததற்காக "ஐந்நூறு ரூபாய் கட்" என்று சூப்பர்வைசர் வாயால் சொல்லிப் பிடிக்க முடியாது. 1936ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டத்தில் இருந்தது போலவே, 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத்தொகுப்பிலும் இதற்குத் தெளிவான வரம்பு உண்டு. எந்தச் செயலுக்கு அபராதம் என்பதை முன்அனுமதி பெற்று அறிவிப்பாக ஒட்டியிருக்க வேண்டும். தொழிலாளி விளக்கம் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். ஓர் ஊதியக் காலத்தில் மொத்த அபராதம் அந்த ஊதியத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. மாதம் 10,000 ரூபாய் வாங்குபவருக்கு அது 300 ரூபாய். வசூலித்த அபராதம் பதிவேட்டில் ஏற வேண்டும், தொழிலாளர் நலனுக்கே செலவாக வேண்டும். உங்கள் ஆலையில் அந்தப் பதிவேடு எங்கே என்று கேட்டுப் பாருங்கள்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பாலியல் துன்புறுத்தல் புகாருக்கு உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். அதன் உத்தரவு எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டப்பட்டிருக்க வேண்டும். பெண்கள் தங்கும் ஹாஸ்டல் 2014ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டப்படி உரிமம் பெற்றிருக்க வேண்டும். பெண்களுக்கான உதவி எண் 181, வன்கொடுமைக்கான தேசிய உதவி எண் 14566. போன் கேட்டில் இருக்கும் என்பதால் இந்த எண்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆலைகளிடமும் கடைகளிடமும் நாம் கேட்க வேண்டியது அதிகமில்லை. விதி மேலாளர் தொடங்கி எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும். வீட்டிலிருந்து அவசர அழைப்பு வந்தால் உடனே தொழிலாளியிடம் சேர்க்க ஒரு எண்ணும் ஓர் ஆளும் இருக்கட்டும். இடைவேளையிலும் ஹாஸ்டலிலும் போன் அவர்கள் கையில் இருக்கட்டும். 2021இல் கடைத் தொழிலாளர்களுக்கு உட்காரும் உரிமையைச் சட்டமாகவே கொண்டுவர வேண்டியிருந்த மாநிலம் இது. நாற்காலிக்கே சட்டம் தேவைப்பட்ட ஊரில், போனுக்கும் நாம் கேட்டால்தான் கிடைக்கும்.

உங்களில் பலர் இன்னும் சில ஆண்டுகளில் சூப்பர்வைசராகவும் அதிகாரியாகவும் அமைப்பின் பொறுப்பாளராகவும் உட்காரப் போகிறீர்கள். அன்று உங்கள் முன்னால் ஒரு பத்தொன்பது வயதுப் பெண் போனைப் பார்த்துக்கொண்டிருப்பாள். டப்பாவை நீட்டுவதற்கு முன்னால் "என்ன தங்கச்சி, வீட்டுல ஏதும் பிரச்சினையா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அப்படியும் டப்பா தேவைப்பட்டால், முதலில் உங்கள் போனைப் போடுங்கள்.

படிப்பகத்துக்கு வந்த அந்தத் தங்கை இப்போது தன் ஷிப்டில் இருக்கும் பெண்களிடம் ஒரு மனுவுக்குக் கையெழுத்து வாங்குகிறாள். அவசர அழைப்புக்கு ஒரு பொது எண் வேண்டும் என்ற ஒரே கோரிக்கைதான் அதில் இருக்கிறது. போன ஞாயிறு வரை பதினேழு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

ஜெய்பீம்.