நம் வீட்டு வண்டி: பிரேக் காலிப்பருக்கு ஏற்ற பூச்சு எது?



சென்ற மாதக் கூட்டம் முடிந்து எல்லோரும் காப்பி அருந்திக்கொண்டிருந்த வேளையில், சங்குமுகம் பக்கம் குடியிருக்கும் அன்பர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். “சார், வண்டி வாங்கி மூன்று வருஷம்தான் ஆகிறது. சக்கரத்தின் இடுக்கு வழியே பார்த்தால் பிரேக் காலிப்பர் முழுவதும் துருவேறிக் கிடக்கிறது. பார்க்கவே சகிக்கவில்லை. நீடித்து நிற்கக் கூடிய பெயிண்டாக ஒன்று சொல்லுங்களேன்” என்றார்.

இக்கேள்வி அவர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. பிழைப்பை நாடித் திருவனந்தபுரத்தில் வந்து குடியேறிய நம்மவர் வீடுகளில், பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் கல்யாணத்திற்கும் குடும்பத்தோடு ஊர் போய் வரும் வண்டியல்லவா இது? ஆகவே இம்மாதம் அதைப் பற்றியே எழுதுகிறேன்.

காலிப்பர் என்றால் என்ன என்று வீட்டுத் தாய்மார்களும் தெரிந்துகொள்வது நல்லது. சக்கரத்தோடு கூடச் சுழலும் இரும்புத் தட்டு ஒன்று உண்டு. அதை டிஸ்க் என்பர். அந்தத் தட்டை இருபுறமும் இடுக்கி போலக் கவ்விப் பிடிக்கும் கருவியே காலிப்பர். நாம் காலால் மிதிக்கும் விசை, குழாயில் உள்ள பிரேக் எண்ணெய் வழியாகப் பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன் பிரேக் பேடை அழுத்துகிறது, வண்டி நிற்கிறது. இவ்வகைப் பிரேக்குக்கு இங்கிலாந்தில் லாஞ்செஸ்டர் என்பவர் 1902-லேயே உரிமைப் பத்திரம் பெற்றார். ஆயினும் 1953-இல் பிரான்சு நாட்டு லெமான் பந்தயத்தில் ஜாகுவார் கார் இதைக் கொண்டு வென்ற பின்னரே இதன் அருமையை உலகம் உணர்ந்தது. நம் நாட்டிலும் டி.வி.எஸ். குழுமத்தார் ஓர் ஆங்கிலக் கம்பெனியோடு சேர்ந்து, 1962-இல் சென்னைப் பாடியில் பிரேக்ஸ் இந்தியா நிறுவனத்தைத் தொடங்கினர்.

இனி, பூச்சு விஷயத்தில் நான் பட்ட பாட்டைச் சொல்லிவிடுகிறேன். அதை ஒளித்துவிட்டு உபதேசம் செய்வது நியாயமன்று.

நான்கு ஆண்டுகளுக்கு முன், ஊரில் ஒரு கல்யாணத்திற்குப் புறப்படுவதற்கு முன்னாள், என் வண்டியின் காலிப்பர்கள் நான்கிற்கும் ஸ்ப்ரே டப்பாவால் சிவப்பு வர்ணம் அடித்தேன். காலிப்பரைக் கழற்றவில்லை. பழைய துணியால் தூசியைத் தட்டிவிட்டு, பேடும் தட்டும் மட்டும் மறையும்படி செய்தித்தாளைச் செருகி அடித்துவிட்டேன். மறுநாள் காலையில் பார்த்தால் வண்டி புது மாப்பிள்ளை போல இருந்தது. எனக்கும் பெருமை தாங்கவில்லை.

பாறசாலை, மார்த்தாண்டம் கடந்து நாகர்கோவில் வரையில் குறை ஒன்றும் தெரியவில்லை. தோவாளையை நெருங்கும்போது, பூச்சந்தையின் மணத்தை எதிர்பார்த்த எங்களுக்கு ஏதோ கருகும் நாற்றம் வந்தது. வண்டியும் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போலத் தயங்கியது. இறங்கிப் பார்த்தேன், முன்சக்கரம் ஒன்றின் அருகில் கையைக் கொண்டுபோக முடியாதபடி அனல் வீசியது. வண்டிக்குள் என் வயோதிகத் தாயாரும் இரண்டு குழந்தைகளும் இருந்தனர். ஆரல்வாய்மொழிக் கணவாய் இன்னும் முன்னே இருந்தது. அப்போது என் நெஞ்சு அடித்துக்கொண்டதை இன்றும் மறக்கவில்லை.

சாலையோரப் பட்டறை ஒன்றிலிருந்த மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றினார். பேட் முன்னும் பின்னும் நகர்வதற்காக உள்ள பள்ளங்களில் என் சிவப்பு வர்ணம் கெட்டியாகப் படிந்திருந்தது. பேட் அதில் இறுகிக்கொண்டு, காலை எடுத்த பிறகும் தட்டை விடாமல் உரசிக்கொண்டே வந்திருக்கிறது. “அண்ணாச்சி, பெயிண்ட் அடிச்சது தப்பில்ல; அடிக்கக் கூடாத இடத்துல அடிச்சதுதான் தப்பு” என்று சொல்லி, அரத்தால் அதைச் சுரண்டி எடுத்தார். நிழலில் அமர்ந்திருந்த என் தாயார், “வண்டிக்கு மருதாணி வச்சது சரி, கைய மடக்க முடியுதான்னு பாத்தியா?” என்றார். இக்கட்டுரையில் நான் சொல்லப் போவதெல்லாம் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கும்.

முதலில் துருவின் காரணத்தை அறிவோம். பெரும்பாலான கார்களின் காலிப்பர் வார்ப்பிரும்பால் ஆனது. நம் நகரத்துக்கு மேற்கே கடல். ஜூன் மாதத்தில் தொடங்கும் இடவப்பாதி மழையும், அக்டோபரில் வரும் துலா மழையும் இரண்டுமே இங்கு உண்டு. உப்புக்காற்றும் ஈரமும் சேர்ந்த இடத்தில் இரும்பு துருப்பிடிக்காமல் இராது. இந்த அரிப்பை ஆராயவே நம் தமிழ்நாட்டில் ஒரு பெரிய நிலையம் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 15 லட்சம் ரூபாயும் 300 ஏக்கர் நிலமும் வழங்க, 1948-இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1953-இல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமே அது. அந்நிலையத்தார் மண்டபம் கடற்கரையில் உலோகத் துண்டுகளை உப்புக்காற்றில் நிறுத்திவைத்து, எந்தப் பூச்சு எத்தனை காலம் தாங்குகிறது என்று ஆராய்ந்து வந்திருக்கின்றனர்.

இரும்பைக் காப்பதில் இரு வழிகள் உண்டு. ஒன்று, காற்றும் நீரும் படாமல் திரையிட்டு மூடுவது, வர்ணம் அவ்வகை. மற்றொன்று, இரும்புக்குப் பதிலாகத் தான் அரிபட்டு இரும்பைக் காக்கும் வேறோர் உலோகத்தை மேலே பூசுவது, துத்தநாகம் அவ்வகை. நம் வீட்டுத் துத்தநாக வாளியில் கீறல் விழுந்தாலும் அந்த இடம் உடனே துருப்பிடிக்காததன் காரணம் இதுவே. ஹம்ப்ரி டேவி என்னும் விஞ்ஞானி 1824-இல் கப்பல்களின் செப்புத் தகட்டைக் காக்க இந்த உபாயத்தையே சொன்னார்.

வர்ணத்தின் நிறம் வேறு, காவல் வேறு என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும். நம் கொச்சுவேளியில் 1946-இல் நிறுவப்பட்ட திருவிதாங்கூர் டைட்டானியம் தொழிற்சாலை, கருமணலில் உள்ள இல்மனைட்டிலிருந்து வெண்மையான டைட்டானியம் டையாக்சைடைச் செய்கிறது. பெயிண்டுக்கு வெண்மையையும் அடியில் உள்ளதை மறைக்கும் ஆற்றலையும் தருவது அந்தப் பொடியே. மறைப்பது அதன் வேலை, துருவைத் தடுப்பதன்று. துருவின் மேல் பூசினால் அது துருவையும் அழகாக மறைத்துவிடும். உள்ளே அரிப்பு தொடரும்.

இனிக் கடையில் கிடைக்கும் பூச்சுகளைப் பார்ப்போம்.

ஸ்ப்ரே டப்பா: மலிவானது, எளிதானது. பூச்சு மெல்லியதாகவே படியும். கல் பட்டால் பெயரும். வெப்பம் தாங்கும் வகை என்று டப்பாவில் அச்சிட்டிருந்தால் மட்டும் வாங்குக. மலை இறக்கத்தில் பிரேக் தட்டின் சூடு பல நூறு டிகிரியை எட்டும். காலிப்பர் அவ்வளவு காயாவிட்டாலும், சாதாரண வீட்டுப் பெயிண்ட் பொறுக்க முடியாத சூடு அதற்கும் ஏறும்.

இரு பாக எபாக்ஸி: கெட்டியாக்கும் திரவத்தைக் கலந்து பிரஷ்ஷால் பூசுவது. கெட்டியாகப் படியும், பிரேக் எண்ணெயையும் ஓரளவு பொறுக்கும். பிரேக் எண்ணெய் சாதாரண வர்ணத்தைத் தின்றுவிடும் என்பதை மறத்தல் கூடாது. வீட்டிலேயே செய்துகொள்ள விரும்புவோருக்கு இதுவே உத்தமம்.

பவுடர் கோட்டிங்: உலர்ந்த பொடியை மின்சாரத்தால் ஒட்டவைத்து, ஏறத்தாழ 180 முதல் 200 டிகிரி சூட்டு அடுப்பில் உருக்கிப் படியவைப்பது. உறுதியும் அழகும் மிக்கது. ஆனால் பிஸ்டன், ரப்பர் வளையங்கள் யாவற்றையும் கழற்றிவிட்டே அடுப்பில் வைக்க வேண்டும். திரும்பப் பூட்டும்போது புது ரப்பர் இட வேண்டும். தேர்ந்த கையன்றி இதைத் தொடலாகாது. இதுவும் திரையே, ஓரிடத்தில் உடைந்தால் துரு அதன் அடியில் புகுந்து ஓடும்.

துத்தநாக முலாம்: வார்ப்பிரும்புக் காலிப்பருக்கு இது இயல்பான காவல். முலாம் பட்டறையில் கொடுக்கும்போது, “வார்ப்பிரும்புக்கு அமிலத் தொட்டியில் முலாம் போடுவீர்களா?” என்று கேளுங்கள். காரத் தொட்டியில் வார்ப்பிரும்பின் மேல் முலாம் சரியாகப் படிவதில்லை. முலாமின் மேல் இடும் மஞ்சள் குரோமேட்டின் பழைய வகை நஞ்சுள்ளது. 2000-ஆம் ஆண்டில் ஐரோப்பியர் இயற்றிய வாகன விதி அதை விலக்கியது. அதன் இடத்தில் வந்த மூவிணைக் குரோமியப் பூச்சைக் கேட்டு வாங்குவதே நலம். துத்தநாகத்தோடு நிக்கல் சேர்ந்த முலாம் உப்பைப் பன்மடங்கு தாங்கும், செலவும் அதிகம். காய்ச்சிய துத்தநாகத்தில் தோய்க்கும் முறை வாளிக்கு ஏற்றது; அது தடிப்பாகப் படிந்து அளவுகளை மாற்றிவிடுவதால் காலிப்பருக்கு ஆகாது.

அலுமினியக் காலிப்பர் என்றால் கதை வேறு. அதற்கு ஆனோடைசிங் என்னும் முறையில் அதன் மேல்தோலையே கெட்டியாக்குவர். அதன் மேல் வர்ணம் பூசுவதானால் அலுமினியத்திற்கென உள்ள முதற்பூச்சை இட வேண்டும்.

டப்பாவின் மேல் “இத்தனை மணி உப்புச் சோதனை தாங்கியது” என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு மயங்க வேண்டா. 35 டிகிரி சூட்டில் 5 சதவீத உப்புநீரை இடைவிடாமல் புகைபோலத் தெளித்துச் செய்யும் சோதனை அது. ஒரு பூச்சை மற்றொன்றோடு ஒப்பிட அது உதவும். அந்த மணிகளை நம் வீட்டு வாசலில் கழியும் ஆண்டுகளாக மாற்றிக் கணக்கிட வழி இல்லை.

சங்குமுகத்து அன்பருக்கு என் விடை இதுதான். ரப்பர் மாற்றுவதற்காகக் காலிப்பரை எப்படியும் பிரிக்க வேண்டிய காலம் வந்தால், அப்போது துத்தநாக முலாம் போட்டு, அதற்கேற்ற முதற்பூச்சிட்டு, மேலே எபாக்ஸி பூசிக்கொள்ளுங்கள். அடியில் துத்தநாகமும் மேலே வர்ணமும் ஒன்றுக்கொன்று துணை நிற்கும். அக்காலம் வரவில்லையென்றால், பிரஷ்ஷால் எபாக்ஸி மட்டும் போதும். ஒன்றும் செய்யாமல் விட்டாலும் காலிப்பரின் வெளிப்புறத் துருவால் உடனே ஆபத்து இல்லை. அது தடித்த இரும்பு.

துருவும் வர்ணமும் அணுகக் கூடாத இடங்கள் வேறே உள்ளன. காலிப்பர் சறுக்கி நகரும் பின்கள், பேட் அமரும் பள்ளங்கள், பிஸ்டனும் அதன் ரப்பர் உறையும், காற்று வெளியேற்றும் நிப்பிள், தட்டின் முகம், போல்ட் இறுகும் முகங்கள் ஆகியவையே அவை. இவற்றை ஒட்டுநாடாவால் மூடிய பிறகே பிரஷ்ஷைக் கையில் எடுக்க வேண்டும்.

செய்முறையையும் சுருக்கமாகச் சொல்கிறேன். சமதரையில் வண்டியை நிறுத்தி, மற்றச் சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாமல் தாங்கு கட்டையும் வையுங்கள். பிரேக் தூசியை வாயால் ஊதாதீர்கள். அது மூச்சுக்குக் கெடுதல். ஈரத்தால் கழுவித் துடையுங்கள். கம்பிப் பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் உதிரும் துருவை நீக்கி, எண்ணெய்ப் பிசுக்கைப் பிரேக் கிளீனரால் அகற்றி, நன்றாக உலரவிட்டுப் பூசுங்கள். தடிப்பாக ஒரே தரம் பூசுவதினும் மெல்லியதாக இரண்டு மூன்று தரம் பூசுதல் நன்று. காலிப்பரைக் கழற்றினால் ரப்பர்க் குழாயில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி நிறுத்துங்கள். மழை நாளில் இவ்வேலையைத் தொடாதீர்கள். ஈரத்தின் மேல் எந்தப் பூச்சும் நில்லாது.

பூட்டி முடித்ததும், பேட் தன் பள்ளத்திலும் காலிப்பர் தன் பின்களிலும் கையால் தள்ளினால் நகர்கின்றனவா என்று பாருங்கள். பிரேக்குக்கென உள்ள கிரீஸைப் பின்களில் மட்டும் அளவாக இடுங்கள். வண்டியை நகர்த்துவதற்கு முன் பிரேக்கைப் பல தரம் மிதித்துக் கெட்டியாவதை உறுதி செய்யுங்கள். பிறகு தெருவுக்குள்ளேயே சிறிது தூரம் ஓட்டி, நான்கு சக்கரங்களின் அருகிலும் கையைக் காட்டிச் சூட்டை ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் அனலாக இருந்தால் பயணத்தை நிறுத்துங்கள். மனத்தில் சிறிது ஐயம் இருந்தாலும் அறிந்த மெக்கானிக்கிடம் காட்டிய பின்னரே நெடும்பயணம் புறப்படுங்கள். புறப்படும் நாளுக்கு முன்னாள் இவ்வேலையைத் தொடங்குவது அறவே கூடாது. என் அநுபவமே அதற்குச் சான்று.

இப்போதும் நாங்கள் ஊருக்குப் புறப்படும் காலையில் என் தாயார் வண்டியில் ஏறுமுன், “கை மடங்குதா?” என்று கேட்பார். நானும் குனிந்து ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் விடை சொல்கிறேன்.

அடுத்த இதழில், மழைக்காலத்திற்கு முன் டயர்களைச் சோதிக்கும் முறையைப் பற்றி எழுதுகிறேன்.